பதினைந்து கிராம்

என் இரண்டு பந்துகளையும் முதலில் நிறுத்துப் பார்த்தவர்
ஆட்டுப்பட்டித்தெரு மிஸ்வர் நானா.
ஏலக்காய் நிறுக்கும் தராசில்
ஹொக்கிப் பந்து நூற்று அறுபது,
பேஸ்போல் பந்து நூற்று நாற்பத்தைந்து.
சுற்றளவில் இரட்டைப் பிள்ளைகள்.
“பதினஞ்சு கிராம் ஏலம் என்ன விலை தெரியுமா தங்கச்சி?”
தெரியவில்லை அப்போது.

செவ்வாய், வியாழன் ரீட் அவனியூ.
விரிப்புக்குத் தண்ணீர் அடித்து முடியமுன்பே
ரணவக்க சேர் கத்தத் தொடங்குவார்:
பிம! பிம!
தரையோடு, தரையோடு.
பந்துக்கு வானம் காட்டாதே.

சனிக்கிழமை 138இல் நின்றபடி ஹோமாகம,
அங்கிருந்து ஆட்டோவில் பங்கு போட்டு தியகம.
செம்மண் சப்பாத்துக்குள் ஏறும்.
அங்கே இன்னொரு சேர், இன்னொரு தொண்டை:
உட! உட!
மேலே, இன்னும் மேலே.
கிழமைக்கு ஒருமுறை என் மணிக்கட்டு மதம் மாறியது.
இடக்கை மட்டும் இரண்டு மட்டையிலும்
பிடியின் நுனியிலேயே இருந்துகொண்டது,
எந்தப் பக்கமும் சேராத ஆள் மாதிரி.

அம்மா பேஸ்போல் பந்தின் சிவப்புத் தையலை
விரல் வைத்து எண்ணினாள்.
நூற்றெட்டு.
“அர்ச்சனைக் கணக்குத்தானே, போ” என்றாள்.
ஹொக்கிப் பந்தை உருட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லவில்லை. அது மொட்டை.

நான் கேட்சர்.
வீடு என்று அவர்கள் சொல்வது
ஐந்து மூலை உள்ள ஒரு ரப்பர் பலகை.
அதன் வாசலில் குந்தியிருந்து
ஓடிவருகிறவர்களை உள்ளே விடாமல் மறிப்பது தொழில்.
வாடகை கூட்டிக் கூட்டி
நாலு வீடு மாற்றிய குடும்பத்துப் பெண்ணுக்கு
இந்த வேலை கொடுத்தவருக்கு நகைச்சுவை உண்டு.

பந்தெறிபவள் நிலூஷி, இராணுவத்தில் கோப்ரல்.
அவள் தமிழ் எனக்குச் சிரிப்பு,
என் சிங்களம் அவளுக்கு.
தொடைகளுக்கு நடுவே நான் காட்டுவேன்:
ஒரு விரல் வேகம், இரண்டு விரல் வளைவு.
ஆறு வருடம்
அவ்வளவு மொழி போதுமாக இருந்தது.

ஒரு பங்குனியில் இரண்டு கடிதம்.
ஒரே கிழமை, வேறு வேறு நாடு.
ஹொக்கிக்காரர் டிக்கெட் தருவார்கள்.
பேஸ்போலுக்குத் தொண்ணூறாயிரம் நானே கட்டவேண்டும்.
எதை அதிகம் விரும்பினாய் என்று பிறகு பலர் கேட்டார்கள்.
தொண்ணூறாயிரத்தை என்று
ஒருவருக்கும் சொல்லவில்லை.

நாலு ஆட்டம் வாங்கிலில் இருந்தேன்.
ஐந்தாவதில் பதினொரு நிமிடம்.
கிடைத்த முதல் பந்தைத்
தோளுக்கு மேலே தூக்கி அடித்தேன்,
அழகாகத்தான் போனது,
பச்சை அட்டை.
தலையைக் குனிந்துகொண்டு வெளியே வரும்போது
எனக்குள் யாரோ உட, உட என்கிறார்கள்.

அன்றிரவு நிலூஷியிடமிருந்து ஒரு படம்.
எழுத்து இல்லை, முகம் இல்லை,
ஹோட்டல் கட்டில் விரிப்பில் அவள் கை:
ஒரு விரல்.
வேகமா? தனியா?
ஒன்றுதான் மிச்சம் என்றா?
நான் இரண்டு விரல் அனுப்பினேன்.
நீல அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை.

இப்போது காப்புறுதிக் கந்தோரில்
மற்றவர்களின் எலும்புகளுக்குத் தொகை போடுகிறேன்.
வலக்கை மோதிர விரல் முழுதாக மடங்காது;
முதல் முறிவு தியகமவில், அதே இடத்தில் அடுத்தது ரீட் அவனியூவில்.
சொந்தப் படிவத்தில் ஒரு கட்டம்:
காயம் ஏற்பட்ட விளையாட்டு. ஒன்றை மட்டும் குறிப்பிடவும்.

மூன்று மாதமாக லாச்சிக்குள் கிடக்கிறது.
அதன்மேல் பாரத்துக்கு
ஒரு பந்து வைத்திருக்கிறேன்,
மொட்டையானது.